ஆட்டின் பங்குத் தண்ணீர்

கழுத்து திரும்ப மறுத்தது. மூட்டையை இறக்கி வழியோரக் கல்லில் சாய்த்து வைத்த பிறகும், அது இன்னும் தலையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிடரி விறைத்து நின்றது. யோகம்மா இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். அமுக்கின இடத்தை விட்ட வலி, தோளுக்கு இறங்கி அங்கே உட்கார்ந்துகொண்டது.

விடிவதற்கு முன் காட்டோர ஊரான குருந்துகலையிலிருந்து புறப்பட்டவள். ஐந்து மைல் நடந்து பிபிலை வீதிக்கு வந்து, மூட்டைக்கும் டிக்கட் கேட்ட கண்டக்டரோடு சண்டை பிடித்து, லுணுகலையில் இறங்கி, தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் பாதி வந்திருந்தாள். நேற்று மத்தியானம் குடித்த சோளக் கஞ்சிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் விழவில்லை. பசி ஓர் அளவுக்கு மேல் போனால் வயிறு சும்மா இருந்துவிடும், முழங்கால்தான் நடுங்கும். அந்த நடுக்கம் இப்போது வந்திருந்தது.

மூட்டைக்குள் இருந்ததும் சாப்பாடுதான். நாலு வீட்டுச் சாப்பாடு. ஆனால் இப்போது அதில் ஒரு பிடி எடுத்துத் தின்றால் பொழுது சாய்வதற்குள் ஆள் வாந்தியெடுத்தே விழுந்துவிடும்.

மடுக்கொட்டை அது. குட்டைப் பனை மாதிரி மட்டை விரித்து நிற்கும் மடு மரத்தின் கொட்டை. உடைத்து, பருப்பைச் சீவி, வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டி ஓடுகிற தண்ணீரில் ஏழு நாள் போட வேண்டும். தண்ணீர் ஓடி ஓடி விஷத்தைக் கொண்டுபோய்விடும். பிறகு காயவைத்து இடித்தால் மாவு. ரொட்டி தட்டலாம், பிட்டு அவிக்கலாம். யோகம்மாவின் புருஷன் கைராவின் ஆட்கள், காட்டை நம்பிப் பிழைக்கும் வேடர்கள், கெட்ட வருஷங்களில் இதைத் தின்றுதான் உயிர் பிடித்தார்கள்.

இந்த வருஷம், 2001இல், காட்டில் மற்றதெல்லாம் கைவிட்டிருந்தது. மார்கழி மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனது. காட்டுவள்ளிக் கொடி படராமலே பழுத்தது. ஒரு முழம் தோண்டினால் விரல் தடிப்பில் நார்க்கிழங்கு வந்தது. பாலையும் வீரையும் பூக்கவில்லை. பூவில்லாத காட்டில் மலைத்தேனீக்கு என்ன வேலை, அதுவும் பாறைக்கு வரவில்லை. வேட்டைக்குப் போகலாமென்றால் பாதிக் காட்டில் வேட்டை தடையென்று வனஜீவிக்காரரின் பலகை நின்றது, மீதிப் பாதியில் மிருகம் தண்ணீர் தேடி எங்கேயோ போய்விட்டது. மடு மட்டும் குலை குலையாகக் காய்த்தது. காய்த்து என்ன செய்ய? அதைக் கழுவத் தண்ணீர் இல்லை. கைராவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வற்றாத ஓடை, ஆனி மாதமே கல்லும் மணலுமாய்க் கிடந்தது.

கிழமைக்கு ஒருதரம் பவுசர் லொறியில் குடிதண்ணீர் வந்தது. கைராவின் சித்தி மகள் ஹீன்மெனிக்கா அந்தத் தண்ணீரைப் பீப்பாயில் ஊற்றி அதில் கொட்டையை ஊறப்போட்டாள். நின்ற தண்ணீர். மாற்றி ஊற்றவும் அவளுக்கு மனம் வரவில்லை, குடிக்கிற தண்ணீராயிற்றே. மூன்றாம் நாள் பசி பொறுக்காமல் ரொட்டி தட்டிவிட்டாள். அவளுடைய மகளை வாந்தியும் வலிப்புமாக பிபிலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது. அதற்குப் பிறகு நாலு வீட்டிலும் சீவிவைத்த கொட்டையைப் பார்த்துக்கொண்டே அரைவயிறாகக் கிடந்தார்கள்.

"உன் அண்ணன் இருக்கிற மலையில் தண்ணீர் ஓடுமா?" என்று கைராதான் கேட்டான்.

ஓடும் என்று யோகம்மா சொன்னாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது; நடுவில் போய்வந்தபோது அவள் அதைக் கவனித்ததில்லை.

*

வீட்டுக்கு ஒன்றாக எட்டுக் காம்பராக்களை ஒரே வரிசையில் கட்டிய, தோட்டத் தொழிலாளரின் பழைய லயம் அது. அண்ணன் தம்பையாவின் காம்பரா மூன்றாவது. அண்ணி தனலெட்சுமி பறித்த மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இங்க பாருங்கடி, வேடச்சி மலையேறி வந்துருக்கா!" என்று அக்கம்பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "என்னா மூட்டை? தேனா?"

"தேன் எங்க அண்ணி இருக்கு. ரெண்டு வருசமா பாறையெல்லாம் வெறும் பாறதான்."

"போன தடவயும் இதத்தான் சொன்ன. கைய வீசிக்கிட்டு வந்து, போறப்ப எங்க அரிசில ரெண்டு கொத்து கட்டிக்கிட்டுப் போன."

சொல்லிக்கொண்டே எழுந்துபோய், தனக்கு வைத்திருந்த ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை யோகம்மாவிடம் நீட்டினாள். கூட ஒரு கோப்பை சாயத் தண்ணி, பாலில்லாத் தேநீர். "தின்னு மொதல்ல. மூஞ்சி கருவாடு மாதிரி இருக்கு."

தனலெட்சுமியின் வாய் எப்போதும் அப்படித்தான். எண்பத்து மூன்று கலவரத்தில் லயம் எரிந்தபோது காட்டுப் பக்கம் ஓடிய கூட்டத்தில் யோகம்மாவும் ஒருத்தி. கைராவின் ஆட்கள் பதினொரு நாள் அவர்களை ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், யோகம்மா வரவில்லை. அதைத் தனலெட்சுமி இன்றுவரைக்கும் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள். ஒளித்துவைத்தவர்கள் போட்ட சோற்றைத் தானும் தின்றதை மட்டும் சொல்வதில்லை.

ரொட்டி இறங்கிய பிறகு யோகம்மா விஷயத்தைச் சொன்னாள். தனலெட்சுமி காலை மடக்கிக்கொண்டு மூட்டையை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"வெசத்தயா சொமந்துக்கிட்டு வந்த?"

"கழுவுனா வெசம் போயிரும் அண்ணி. ஏழு நாளு ஓடுற தண்ணியில கெடந்தா மாவுதான். நானே பதினெட்டு வருசமா திங்கிறேன்."

"அதான் இந்த அழகுல இருக்க."

சாயந்தரம் தம்பையா தேயிலைக்குள் கான் வாய்க்கால் வெட்டிவிட்டு வந்தான். மண்வெட்டியைச் சுவரில் சாத்தும்போதே மூட்டையைப் பார்த்துவிட்டான். யோகம்மா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே கால் விரல் இடுக்கில் இருந்த மண்ணை ஈர்க்கால் கிண்டிக்கொண்டிருந்தான்.

"பீலியில தண்ணி எப்படி வருதுன்னு பார்த்தியா?" என்றான் கடைசியில்.

பார்த்திருந்தாள். லயத்துப் பெண்களெல்லாம் பீலிக்கரையில், லயத்துக்கே பொதுவான குழாயடியில், வாளியோடு வரிசையில் நின்றார்கள். சுண்டுவிரல் தடிப்பில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்கு வீட்டுக்கு ஆறு வாளி. ஆடு மாடு வைத்திருந்தால் இரண்டு வாளி கூட. தொழிற்சங்கத் தலைவர் எழுதிக் கொடுத்த கணக்கு. அவள் சிறுமியாய் இருந்தபோது அந்தப் பீலியில் நின்றால் தண்ணீர் தலையில் அடித்து உட்காரவைக்கும்.

"பீலிப் பக்கம் வேணாண்ணே. குடிக்கிற தண்ணியில இத வைக்க மாட்டோம். அணைக்குக் கீழ ஓடுதில்ல, அங்க போதும்."

மலை மேலே சின்னதாய் ஓர் அணை கட்டிக் குழாய் போட்டுத்தான் பீலிக்குத் தண்ணீர் வந்தது. குழாய்க்குத் தப்பின மிச்சம் பாறை இடுக்கு வழியாக லயத்துக்குப் பின்னால் இறங்கிப் போனது. கையகலம்தான், லயத்தார் அதையும் ஆறு என்றார்கள். ஆனாலும் ஓடியது. அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை.

"வச்சுக்க" என்றான் தம்பையா. "ஆனா ஒண்ணு. யாரு கேட்டாலும் மரவள்ளி வத்தலுன்னு சொல்லு."

"ஏண்ணே? சொல்லிட்டா நல்லதுதானே?"

"என்னத்த நல்லது? தம்பையா தங்கச்சி வெசக்கொட்டை தின்னுதான் உசுரு வாழுதுன்னு காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நிக்கிறப்ப எவனாச்சும் சொல்லுவான். நா கொடுத்து வச்சவன்னு நெனச்சு சிரிக்கணுமா? ஏழு நாளு. வாய மூடிக்கிட்டு இருந்துட்டு எடுத்துக்கிட்டுப் போ."

தின்ற ரொட்டி அவன் வீட்டு ரொட்டி. யோகம்மா சரி என்றாள்.

*

மறுநாள் விடிந்ததும் மூட்டையை நாலு சிறிய சாக்குகளாகப் பிரித்துக் கட்டினாள். பாறைக்கு நடுவே தண்ணீர் வந்து விழுந்து சுற்றிப் போகும் ஒரு குழி இருந்தது. அதில் சாக்குகளை இறக்கி மேலே கல் வைத்தாள். சற்று நேரத்தில் குழிக்குக் கீழே தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கி, நுரை தள்ளிக்கொண்டு இறங்கியது.

பிறகு பக்கத்தில் நின்ற பலா மரத்தில் இலை அடர்ந்த இரண்டு கொப்புகளை ஒடித்து, குழிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தண்ணீருக்கு நேராகத் தொங்கவிட்டாள். அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. கைராவின் ஆட்கள் மடு கழுவும் இடத்தில் கொப்பு தொங்கும். பச்சைக் கொப்பு தொங்கினால் தண்ணீரைத் தொடாதே என்று பொருள். காய்ந்துபோன கொப்பென்றால் வேலை முடிந்தது, குடிக்கலாம். அதனால் தினமும் காலையில் பழைய கொப்பை எடுத்துவிட்டுப் புதிது கட்ட வேண்டும். குருந்துகலையில் இதைத் தெரியாமல் நாலு வயதுப் பிள்ளைகூட இல்லை.

இரண்டாம் நாள் அவள் சாக்குகளைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தபோது சிவசக்தி வந்தாள். நாலாவது காம்பராக்காரி, முப்பது வயதிருக்கும். இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகள், பதினொரு மாத இரட்டையர். தாய்ப்பால் வற்றிவிட்டதால் கறுப்பு ஆடு ஒன்று வைத்து அதன் பாலில்தான் இரண்டையும் வளர்த்தாள். பால்மா டின் வாங்குகிற வசதி அந்த லயத்தில் எவருக்கும் இல்லை.

"தம்பையா அண்ணன் தங்கச்சிதானே நீங்க? என்னாக்கா ஊற வைக்கிறீங்க?"

யோகம்மா நிமிர்ந்து பார்த்தாள். சொல்வதானால் அதுதான் நேரம். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. சிவசக்தியின் முகத்தில் கிண்டலும் இல்லை.

"மரவள்ளி வத்தல்" என்றாள்.

"மரவள்ளியவா ஆத்துல போட்டு வைப்பாங்க?"

"கசப்பு மரவள்ளி."

"எங்க வூட்டு மனுசன விடவா கசப்பு?" என்று சிவசக்தி சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து இடுப்பில் இருந்த இரண்டும் சிரித்தன. போகும்போது தொங்கிய பலாக் கொப்பைத் தொட்டுப் பார்த்தாள். "எல கொழுகொழுன்னு இருக்குக்கா. நாலு பக்கமும் தீஞ்சு கெடக்கு, இங்கதான் பச்ச."

யோகம்மா குனிந்து அடுத்த சாக்கைப் புரட்டினாள். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் கொப்பு மாற்றிக் கட்டினாள். சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். அரிப்பு குறைந்திருந்தது. இன்னும் மூன்று நாள்.

*

ஐந்தாம் நாள் மத்தியானம் அண்ணிக்கு விறகு பொறுக்கப் போன இடத்தில் சத்தம் கேட்டது. யோகம்மா ஓடி வந்தபோது ஆற்றங்கரையில் கூட்டம் கூடியிருந்தது.

கறுப்பு ஆடு பின்னங்கால் இரண்டையும் விரித்துப்போட்டபடி கிடந்தது. முன்னங்காலை ஊன்றி எழும்பப் பார்த்தது, முடியவில்லை. வாயில் நுரை. கயிறு பலா மரத்தின் அடியில் கட்டியிருந்தது. அவள் காலையில் கட்டிய கீழ்க் கொப்பில் இப்போது ஓர் இலைகூட இல்லை, வெறும் குச்சி.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொடாதே என்று கட்டிய கொப்புதான் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. குருந்துகலையில் ஆடு வளர்ப்பவர் யாருமில்லை.

"நேத்தும் இங்கதான் கட்டுனேன்" என்று சிவசக்தி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கொழையும் தின்னுக்கும், தண்ணியும் குடிச்சுக்கும், ஆட்டுக்குக் குடுக்குற ரெண்டு வாளியில புள்ளைங்க துணிய அலசிக்கலாம்னு... நல்லாத்தானே தின்னுச்சு."

"பாம்பு" என்றான் தம்பையா. அவன் யோகம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "பாறை எடுக்குல நானே ரெண்டு தடவ பார்த்திருக்கேன். பாம்புதான்."

சிவசக்தியின் புருஷன் தினேஸ் கத்தியோடு வந்தான். முகம் இருண்டிருந்தது, ஆனால் கை நிதானமாக இருந்தது. "உசுரு போறதுக்கு முந்தி அறுத்துருவோம். கால வெட்டி எறிஞ்சுட்டா கறிக்கு ஒண்ணும் ஆகாது. போறது போச்சு, புள்ளகுட்டிங்க கறியாச்சும் திங்கட்டும்."

அதற்குள் இரண்டு பெண்கள் சட்டி எடுத்துவர ஓடினார்கள். ஆடித் திருவிழாவுக்கும் அந்த லயத்தில் கறி வேகவில்லை. ஆடு செத்துக்கொண்டிருக்கிற இடத்தில் சட்டியோடு வந்து நிற்பதில் யாருக்கும் கூச்சம் வரவில்லை. பசித்தவர்களுக்குக் கூச்சம் எங்கேயிருந்து வரும்?

யோகம்மா சாக்குகள் கிடந்த குழியைப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும். நாலு வீடு, பதினேழு பேர், அதில் எட்டுப் பிள்ளைகள். ஐப்பசி மழை வரைக்கும் ஓட்டிவிடலாம். பாம்பென்று அண்ணனே சொல்லிவிட்டான்.

தினேஸ் ஆட்டின் தலையைத் திருப்பி முழங்காலால் அழுத்தினான்.

"அறுக்காதீங்க" என்றாள் யோகம்மா.

யாருக்கும் கேட்கவில்லை. ஹீன்மெனிக்காவின் மகள் பாயில் முதுகை வளைத்துத் துடித்தது அவள் கண்ணுக்குள் நின்றது. இந்த முறை கத்தினாள்.

"அறுக்காதீங்க! அந்தக் கறியத் திங்கக் கூடாது! பாம்பு இல்ல. என்னோட மூட்டத் தண்ணி."

*

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மரவள்ளியா, மரவள்ளி இல்லையா, பின்னே என்ன, பீலியிலும் கலந்திருக்குமா? யோகம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பீலி அணைக்கு மேலிருந்து வருகிறது, அதில் கலக்காது. இது மடுக்கொட்டை. இந்தத் தண்ணீரைக் குடித்தால் மாடும் சாகும்.

"கொப்பு கட்டியிருந்தேன்" என்றாள். "எங்க பக்கத்துல கொப்பு தொங்குனா தண்ணியத் தொடாதன்னு அர்த்தம்."

"நா ஆட்டுக்குக் கட்டுனதுன்னு நெனச்சேன்" என்றாள் சிவசக்தி.

"வாயி இல்ல ஒனக்கு?" தனலெட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "கொப்பு கட்டுனாளாம்! இங்க இருக்கிறவுங்களுக்கு ஒன் காட்டுப் பாச தெரியுமா? வாயத் தொறந்து ஒரு வார்த்த, வெசம்னு ஒரு வார்த்த!"

"சொல்ல வேணாம்னு..." என்று ஆரம்பித்த யோகம்மா அண்ணனைப் பார்த்தாள். தம்பையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்றங்கரையில் சிவசக்தி நேருக்கு நேர் கேட்டபோது அங்கே தம்பையா இல்லையே. பொய் சொன்னது அவளுடைய வாய்தான்.

தினேஸ் ஆட்டை விட்டுவிட்டுக் குழியில் இறங்கினான். நாலு சாக்கையும் இழுத்துக் கரையில் போட்டான். கத்தியை முதல் சாக்கின் வயிற்றில் வைத்தான்.

"நில்லுங்க" என்றாள் சிவசக்தி.

பிள்ளைகளைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு யோகம்மாவின் முன்னால் வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். யோகம்மாவும் அதற்குத் தயாராகக் கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள்.

"இதுல எத்தன பேருக்கு சாப்பாடு?"

"பதினேழு பேரு."

"இதக் கொட்டிட்டா?"

"வேற ஒண்ணுமில்ல."

"எங்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"வெக்கமா இருந்திச்சு" என்றாள் யோகம்மா.

சிவசக்தி ஆட்டைத் திரும்பிப் பார்த்தாள். அது இப்போது எழும்பப் பார்ப்பதை நிறுத்திவிட்டிருந்தது. மடி நிறைந்து, பால் காம்பில் துளியாய் நின்றது. சாயந்தரம் கறக்க வேண்டிய பால்.

"கொட்ட வேணாம்" என்றாள் தினேஸிடம். "கொட்டுனா இது எந்திரிச்சு வரப்போவுதா?"

"ஒனக்குப் பைத்தியமா? அந்த ஆட்டுக்காக நா மூணு மாசம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மரம் இழுத்தேன்!"

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன். இதக் கொட்டிட்டா இவ வெறுங்கையோட காட்டுக்குள்ள ஓடிருவா. நா எங்க போயித் தேடுறது? இவ ஆளுங்க உசுரோட இருந்தாத்தான் எனக்கு ஆடு வரும்." பிறகு யோகம்மாவிடம் திரும்பினாள். "இன்னும் எத்தன நாளு கழுவணும்?"

"ரெண்டு."

"ஆத்துல இனிமே வைக்கக் கூடாது. மாடு கன்னு வர்ற எடம். பீலியில என் பேருல ஆட்டுக்குன்னு ரெண்டு வாளி இருக்கு. அத எடுத்துக்க. தலைவருகிட்ட நா பேசிக்கிறேன். ரெண்டு நாளைக்கு ஆடு உசுரோடதான் இருக்குன்னு வச்சுக்கட்டும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆடு சாயந்தரம் செத்தது. தினேஸும் தம்பையாவும் ஆளுயரக் குழி வெட்டி, நாய் கிளறாதபடி கல் போட்டு மூடினார்கள். சட்டி கொண்டுவந்த பெண்கள் சட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

*

அடுத்த இரண்டு நாளும் யோகம்மா பீலிக்கரை வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். முன்னால் நின்ற பெண்கள் அவளோடு பேசவில்லை. அவள் வாளி தங்கள் வாளியில் படாதபடி தள்ளி வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒரு வாளி, சாயந்தரம் ஒரு வாளி. ஓட்டையான தார்ப் பீப்பாயொன்றில் சாக்குகளை அடுக்கி, மேலே இருந்து தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றினாள். ஓட்டை வழியாக வடிந்ததைத் தேயிலைக்குள் வெட்டின குழியில் இறக்கி, குழியைச் சுற்றி முள் அடைத்தாள். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வாய் திறந்து சொன்னாள்: "இது வெசத் தண்ணி. கிட்ட வராதீங்க."

நாலாவது காம்பராவிலிருந்து இரட்டையர் அழுகிற சத்தம் பகல் முழுவதும் கேட்டது. சிவசக்தி சீனி போட்ட சாயத் தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்று குடித்தது. மற்றது துப்பிவிட்டது. யோகம்மா தண்ணீர் ஊற்றுகிற கையை நிறுத்தவில்லை, அழுகை கேட்காத மாதிரியும் இருக்க முடியவில்லை.

ஏழாம் நாள் நாக்கில் வைத்தபோது அரிப்பு இல்லை. நகத்தால் அமுக்கினால் துண்டு உதிர்ந்தது.

"இங்கயே சுட்டுத் தின்னு" என்றாள் சிவசக்தி. இஸ்தோப்பில் குந்திக்கொண்டு, ஒரு பிள்ளையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். "நா பார்க்கணும். நீ பஸ்ஸுல போறப்ப செத்துட்டியின்னா என் ஆட்டுக்கு யாரு பொறுப்பு?"

தனலெட்சுமியின் அடுப்பில் யோகம்மா கொஞ்சத்தைக் காய வறுத்து, இடித்து, இரண்டு ரொட்டி தட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றைத் தின்றாள். பிறகு இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்தாள். லயமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போனது, இரண்டு மணி நேரம் போனது. தம்பையா மட்டும் பார்க்க மாட்டாமல் உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்தான்.

பொழுது இறங்கும் நேரத்தில் சிவசக்தி எழுந்து வந்தாள். மீதி ரொட்டியில் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"மண்ணாங்கட்டி மாதிரி இருக்கு" என்றாள். விழுங்கினாள். "இதுக்கா என் ஆடு?"

"ஆனி மாசம் தேன் எடுப்போம். அந்தக் காசுல வாங்கிட்டு வர்றேன்" என்றாள் யோகம்மா.

"கெடா வேணாம். குட்டியும் வேணாம். மடியில பாலோட வேணும்."

"பாலோடதான்."

மறுநாள் விடியற்காலை மூட்டையைத் தலைக்குத் தூக்கிவிட்டது தனலெட்சுமி. ஈரம் ஊறிய மூட்டை வந்தபோது இருந்ததைவிடக் கனத்தது. அவள் அன்றைக்குத் திட்டவில்லை, அரிசியும் கட்டிக்கொடுக்கவில்லை.

*

நாலு வீடும் அந்த மாவைத் தின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி போய், கார்த்திகை பாதியில்தான் மழை வந்தது. வந்த மழை ஒரேயடியாகப் பத்து நாள் கொட்டி, காய்ந்து இறுகின மண்ணில் இறங்காமல் வழித்துக்கொண்டு ஓடியது. ஓடை நிரம்பி, தை மாதமே மறுபடியும் மெலிந்தது.

அடுத்த ஆனியில் தேனீ வந்தது, பாதிப் பாறைக்கு. கைரா கொடி ஏணியில் இறங்கி எடுத்த தேன் ஒன்பது போத்தல். அது அரிசியாகவும் மண்ணெண்ணெயாகவும் போய்விட்டது. "ஆடென்ன ஆடு, மான்குட்டி ஒன்று பிடித்துக் கொடுக்கிறேன், கொண்டுபோய்க் கொடு" என்று கைரா அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த ஆனியில் மழை பூவை உதிர்த்துவிட்டது. தேன் நாலு போத்தல்.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இரண்டு தடவை பஸ் லுணுகலையில் நின்றது. யோகம்மா இறங்கவில்லை. சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தபடி இருந்துவிட்டாள். இரண்டாவது தடவை தனலெட்சுமி கடைத்தெருவில் நின்றாள். பார்த்துவிட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. இரட்டையரில் சாயத் தண்ணியைத் துப்பிய பிள்ளை மெலிந்தே வளர்கிறது, இன்னும் சரியாக நடக்கவில்லை என்று தம்பையா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தான். ஆட்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

யோகம்மா சிவசக்திக்குக் கொடுக்க வேண்டியது ஒரு கறவை ஆடு, மடியில் பாலோடு. இன்னும் கொடுக்கவில்லை.